குவார்ட்டர்ஸ் நாவல்களும் ஓடைக்கரைத் தமிழும்: தில்லியைப் படித்தபடி நடப்பது

தில்லியைக் களமாகக் கொண்ட தமிழ் நாவல்களைப் படிக்க உட்காருகிறவருக்கு முகலாய வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் வீட்டு ஒதுக்கீட்டு விதிகள் தெரிந்திருந்தால் போதும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆதவனும் இந்திரா பார்த்தசாரதியும் எழுதிய தில்லியில் யார் யாருக்கு அண்டை வீட்டுக்காரர், யார் யாரை விருந்துக்கு அழைக்கலாம், எந்த வீட்டுப் பெண்ணுக்கு எப்போது கல்யாணம் ஆகவேண்டும் என்பதையெல்லாம் பாதிக்குமேல் முடிவு செய்வது, அரசு வீடுகளை ஒதுக்கும் எஸ்டேட் ஆபீஸின் கோப்புதான்.

விதி சுருக்கமாக இதுதான். அரசுக் குடியிருப்புகள் டைப் 1 முதல் டைப் 8 வரை பிரிக்கப்பட்டிருக்கின்றன. இப்போதைய ஊதிய அட்டவணைப்படி லெவல் 1-க்கு டைப் 1; லெவல் 2 முதல் 5 வரை டைப் 2; 6 முதல் 8 வரை டைப் 3; 9 முதல் 11 வரை டைப் 4. அதற்கு மேல் துணைச் செயலர், இணைச் செயலர் என்று போகப் போக வீட்டுக்கு முன்னால் புல்வெளி முளைக்கும், பின்னால் வேலைக்காரர் அறை முளைக்கும். ஒவ்வொரு டைப்புக்கும் வரிசை உண்டு. உங்கள் முன்னுரிமைத் தேதி வரும்வரை கரோல் பாகிலோ லஜ்பத் நகரிலோ யாராவது பஞ்சாபி வீட்டு மாடியில் ஒற்றை அறையில் காத்திருக்க வேண்டும். அந்த மொட்டைமாடி அறைக்குத் தில்லியில் பர்ஸாத்தி என்று பெயர். மே மாதத்தில் அதற்குள் இருப்பது தண்டனை. ஆனால் வாடகை குறைவு, வீட்டுக்காரர் கண்ணில் படாமல் மாடிப்படி ஏறிவிடலாம்.

அலாட்மென்ட் வந்துவிட்டால் உங்கள் முகவரியே உங்கள் சம்பளச் சீட்டாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் நிலையில் இருப்பவராகத்தான் இருப்பார். பதவி உயர்ந்தால் வீடு மாறும், மாற்றலானால் வீடு போகும், ஓய்வு பெற்றால் சில மாதங்களில் சாவியைத் திருப்பித் தரவேண்டும். மகள் கல்யாணத்தைக் குவார்ட்டர்ஸில் இருக்கும்போதே நடத்திவிட வேண்டும் என்று தில்லித் தமிழ்க் குடும்பங்கள் அவசரப்பட்டது இதனால்தான். காலனியின் சமூகக்கூடம், வாசலில் பந்தல் போட இடம், அலுவலக வண்டி, அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாமே பதவியோடு சேர்ந்து வந்தவை, பதவியோடு சேர்ந்து போகிறவை.

தஞ்சாவூர் நாவலில் வீடு ஒரு பாத்திரம். திண்ணை, ரேழி, முற்றம், கொல்லை என்று தலைமுறைகளின் பாவங்களை அது சுமந்துகொண்டு நிற்கும். தில்லி நாவலில் அப்படி ஒரு வீடு கிடையாது. சுவரில் ஆணி அடிக்கவே பொதுப்பணித் துறையின் புகார் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளும் மனிதர்களுக்கு வீடு எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. அதனால் ஆதவனின் மனிதர்கள் தங்கள் தலைக்குள்ளேயே வசிக்கிறார்கள். தி. ஜானகிராமன் தில்லி வானொலியில் பல ஆண்டுகள் பணியாற்றினார்; பட்டேல் சௌக் மெட்ரோவுக்குப் பக்கத்தில் நாடாளுமன்றத் தெருவில் அந்த வட்டக் கட்டடம் இன்னும் நிற்கிறது. ஆனாலும் அவர் பேனா காவிரிக் கரையை விட்டு அதிகம் நகரவில்லை. அவருடைய கலைக்கு வேண்டிய வீடு லோதி காலனியில் கட்டப்பட்டிருக்கவில்லை என்பது என் கணிப்பு.

இந்த மனிதர்கள் தில்லிக்கு எப்படி வந்தார்கள் என்பதில் அரசியல் இருக்கிறது. தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றும் அறிவிப்பு வந்தது 1911-இல். அதன்பின் கோடையில் சிம்லா, குளிரில் தில்லி என்று ஆண்டுக்கு இருமுறை இடம்பெயர்ந்த அரசாங்கத்தோடு மதராஸ் மாகாணத்து எழுத்தர்களும் கணக்கர்களும் ஏறி இறங்கினார்கள். அவர்கள் பிள்ளைகளுக்காக 1920களில் தொடங்கிய பள்ளி முயற்சியே பின்னாளில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாகி, இன்று ஏழு பள்ளிகளை நடத்துகிறது. அதே 1920களில் சென்னையில் நீதிக் கட்சி ஆட்சியின் வகுப்புவாரி ஆணைகள் வந்தன. அரசு வேலையில் பிராமணர்களின் ஏகபோகத்துக்கு முதல் முறையாகக் கணக்குக் கேட்கப்பட்டது. 1951-இல் உச்ச நீதிமன்றம் செண்பகம் துரைராஜன் வழக்கில் கல்லூரி இடங்களுக்கான வகுப்புவாரி ஆணையைச் செல்லாதென்றது. அதே ஆண்டில் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்து இட ஒதுக்கீட்டைக் காப்பாற்றியது. 1967-இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தபின் தமிழ்நாட்டு அரசு வேலையை எதிர்பார்க்காத படித்த பிராமண இளைஞர்களுக்கு மத்திய அரசுத் தேர்வும் ஸ்டெனோ பரீட்சையும் வழியாயின. தில்லித் தமிழ் நாவலின் கதாநாயகன் பெரும்பாலும் அந்த ரயிலில் வந்தவன், அல்லது வந்தவரின் மகன். ஊரைப் பற்றி அவனுக்குள்ள மனக்கசப்பையும், ஊர் அவனை மறந்துவிட்டது என்ற சந்தேகத்தையும் இந்த வரலாறு இல்லாமல் படித்தால் வெறும் தனிமனித விரக்தியாகத் தெரியும். அப்படித்தான் நம் விமர்சகர்கள் பலர் அதை 'நகர்ப்புற அந்நியமாதல்' என்று ஒரு சொல்லில் கட்டி அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

எதை முதலில் படிப்பது? ஆதவனின் 'காகித மலர்கள்' நாவலை முதலில் எடுக்கலாம். 1977-இல் வந்தது. பசுபதி என்ற மத்திய அரசு அதிகாரியின் குடும்பம். மகன்கள் விசுவம், செல்லப்பா, பத்ரி. யாரும் யாரிடமும் நேராகப் பேசுவதில்லை. எல்லோரும் தங்களுக்கென்று ஒரு வேடத்தைத் தைத்து வைத்திருக்கிறார்கள், அந்த வேடம் அடுத்தவருக்குப் பொருந்துகிறதா என்று ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள். படிக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தஸ்து ஏறிய குடும்பத்தில் அந்தஸ்துக்குப் பொருந்தாத பிள்ளைதான் ஊரைப் பார்க்கிறான். காரில் போகிறவர்களுக்கு தில்லி ஜன்னலுக்கு வெளியே ஓடும் படம். நெரிசலில் நிற்கிறவனுக்கே அது உடம்பில் படும் ஊர். ஆதவனின் நல்ல பக்கங்களெல்லாம் இடிபாடும் உரசலுமாக, நின்றுகொண்டே எழுதியவை போல இருக்கும். கனாட் பிளேஸில் உட்கார்ந்து எழுதியவை போலுள்ள பக்கங்கள் சற்று நீளம். சுயபரிசோதனை மூன்றாவது சுற்று வரும்போது ஆசிரியரே கண்ணாடியை விட்டு நகர மறுக்கிறார் என்று தோன்றும்.

அடுத்து இந்திரா பார்த்தசாரதி. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர்; அதிகாரத்தை அருகிலிருந்து பார்த்தவர். 'தந்திர பூமி', 'சுதந்திர பூமி' இரண்டும் அரசியல் நாவல்கள் என்று பெயர் வாங்கியவை. பின்னதில் முகுந்தன் அமைச்சர் வீட்டுச் சமையலறை வழியாக அரசியலுக்குள் நுழைகிறான். நல்ல காபி போடத் தெரிந்தவன் நாட்டை ஆளலாம் என்ற கேலி இன்றைக்கும் பழசாகவில்லை. இவர் உரையாடலில்தான் கதை நடத்துவார்; வர்ணனை கம்மி, தெருப் பெயர்கூட அபூர்வம். இதில் ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் இருக்கின்றன. அதிகாரத்தின் பேச்சுவழக்கு, புகழ்வது போல மிரட்டுவது, உதவுவது போலக் கைவிடுவது எல்லாம் அப்படியே காதில் விழும். ஆனால் அரசியல் முழுவதும் பத்துப் பதினைந்து புத்திசாலிகள் ஒரு வரவேற்பறையில் ஆடும் சதுரங்கமாகச் சுருங்கிவிடும். தேர்தலில் வாக்களித்தவர்கள் அறைக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

இந்த எழுத்துகளுக்கு மேடையாக இருந்தது 1965-இல் தில்லியிலிருந்து கஸ்தூரிரங்கன் தொடங்கிய 'கணையாழி' இதழ். விமர்சகர் வெங்கட் சாமிநாதன் மத்திய அரசு ஊழியராக இங்கிருந்துதான் தமிழ்நாட்டு இலக்கிய உலகத்தோடு சண்டை போட்டார்; க.நா.சு. பல ஆண்டுகள் இங்கே இருந்தார். 1960களிலும் 70களிலும் தமிழ் இலக்கியச் சர்ச்சைகளில் பாதி, தபாலில் தில்லிக்கு வந்து திரும்பிப் போனவை. தூரம் அவர்களுக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்தது. மயிலாப்பூரில் எதிர்ப்படும் ஆளைப் பற்றி எழுதத் தயங்குவதை லோதி ரோட்டிலிருந்து எழுதிவிடலாம்.

இனி, இந்த நாவல்களின் தில்லியை மூன்று நாளில் நடந்து பார்க்கும் வழி. ஊரிலிருந்து வருகிறவர்கள் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வரலாம். சென்னை சென்ட்ரலில் இரவு பத்து மணியளவில் ஏறினால் ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர் கடந்து மூன்றாம் நாள் காலை புது தில்லி. தென்மாவட்டத்தார் கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸில் நிஜாமுதீன் நிலையத்தில் இறங்கலாம். இந்த நிஜாமுதீன் பின்னால் வரும், மறக்க வேண்டாம். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை மூடுபனியில் ஆக்ராவுக்கும் மதுராவுக்கும் இடையே வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். அன்று மாலைக்கு எந்தச் சந்திப்பும் வைத்துக்கொள்ளாதீர்கள். தீபாவளியைச் சுற்றிய வாரங்களில் காற்று நடக்கத் தகுந்ததாக இருக்காது. பக்கத்து மாநில வயல்களின் வைக்கோல் புகை, பட்டாசு, காற்றோட்டமில்லாத குளிர் மூன்றும் சேர்ந்து ஆஸ்துமா உள்ளவரை இரண்டு நாளில் படுக்க வைத்துவிடும். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரைதான் இந்த நடைக்குச் சரியான காலம்.

புத்தகங்களை ஊரிலேயே வாங்கி வந்துவிடுங்கள். தரியாகஞ்ச் ஞாயிறு புத்தகச் சந்தை 2019-இல் நடைபாதையிலிருந்து மகிளா ஹாட் வளாகத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே எடை போட்டு ஆங்கிலப் புத்தகம் வாங்கலாம், தமிழ் தேடினால் மனம் சோர்ந்துவிடும். படித்துப் பார்த்தால் போதுமென்றால் மண்டி ஹவுஸ் மெட்ரோவில் இறங்கி ஃபெரோஸ்ஷா ரோடு ரவீந்திர பவனில் சாகித்திய அகாதெமி நூலகம் இருக்கிறது. வேலை நாளில், அடையாள அட்டையோடு போகவேண்டும்.

முதல் நாள் சென்ட்ரல் செக்ரடேரியட் நிலையத்தில் தொடங்குங்கள். மெட்ரோ கட்டணம் 2025 ஆகஸ்டில் உயர்ந்தபின் குறைந்தது 11 ரூபாய், அதிகம் 64. கார்டு வாங்கிக்கொண்டால் வரிசை மிச்சம். காலை எட்டேமுக்காலிலிருந்து ஒன்பதரைக்குள் வெளியேறும் வாசலில் ஓரமாக நின்று பாருங்கள். டிபன் டப்பா, கழுத்தில் அட்டை, வேகநடை. ஆதவன் பார்த்த கூட்டத்தின் பேரப்பிள்ளைகள் இவர்கள். ஒரே வித்தியாசம், அன்று சனிக்கிழமையும் அலுவலகம் உண்டு. ஐந்து நாள் வாரம் 1985-இல்தான் வந்தது. சனிக்கிழமை அரைச்சோம்பலை, ஞாயிறு மட்டுமே மிஞ்சுகிற குடும்பத்தின் எரிச்சலை அந்தக் காலக் கதைகளில் வாசிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலர் செய்யும் தவறு கேமராவை எடுப்பது. அமைச்சகக் கட்டடங்களின் வாசலையும் காவல் தடுப்புகளையும் படம் பிடித்தால் நிறுத்தி அழிக்கச் சொல்வார்கள். வாக்குவாதம் பண்ணினால் அரைநாள் போய்விடும். குடியரசு தினத்துக்கு முந்தைய இரண்டு வாரமும் ஒத்திகைக்காகச் சாலைகள் அடைபடும், அப்போது இந்தப் பக்கம் வருவதில் பயனில்லை. கண்ணால் பார்ப்பதற்கு யாரும் தடை சொல்வதில்லை, அதுவும் சீக்கிரம் செய்ய வேண்டிய காரியம். ராஜபாதை 2022-இல் கர்தவ்ய பாதை ஆனது. சாஸ்திரி பவன், கிருஷி பவன் முதலான பழைய அலுவலகங்களை அகற்றி, வரிசையாகக் கர்தவ்ய பவன்கள் கட்டுவது திட்டம். அவற்றில் ஒன்று 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நீண்ட இருட்டு நடைவழி, இரும்பு அலமாரி, கோப்புக் கட்டு, ஸ்டூலில் தூங்கும் பியூன் என்று ஐம்பதாண்டு தமிழ்க் கதைகளில் வந்த இந்த அலுவலகம் கண்ணாடித் தடுப்புகள் வைத்த கூடமாகிவிடும். எனக்கு அதில் பெரிய துக்கமில்லை. அந்த நடைவழிகளில் கோடையில் மூச்சு விட்டவர்கள் யாரும் அதற்காக அழமாட்டார்கள்.

துக்கப்படவேண்டிய கட்டடம் ஏற்கெனவே போய்விட்டது. பட்டேல் சௌக் வழியாகக் கனாட் பிளேஸுக்கு நடந்து வந்தால் பாலிகா பஜார் இருக்கும் மண்மேட்டைப் பார்க்கலாம். நெருக்கடி நிலைக்கு முன் இந்தியன் காபி ஹவுஸ் அந்தப் பக்கம்தான் இருந்தது. எழுத்தாளர், தொழிற்சங்கக்காரர், எதிர்க்கட்சிக்காரர், வேலையில்லாத பட்டதாரி எல்லோரும் ஒரு கோப்பை காபிக்கு மூன்று மணி நேரம் பேசிய இடம். 1976-இல் இடித்தார்கள். பிறகு பாபா கடக் சிங் மார்க்கில் மோகன்சிங் பிளேஸ் மாடியில் காபி ஹவுஸ் மறுபடி உயிர் பெற்றது, இன்னும் ஓடுகிறது. காபி சுமார்தான், குரங்குகள் தொல்லை உண்டு, மொட்டைமாடியில் உட்காருங்கள். அதே ஆண்டில்தான் பழைய தில்லியின் துர்க்மான் கேட் வீடுகள் மீது புல்டோசர் ஓடியது; நகருக்குள்ளிருந்த குடிசைவாசிகள் லாரியில் ஏற்றப்பட்டு யமுனைக்கு அப்பால் திரிலோக்புரி போன்ற மறுகுடியமர்வுக் காலனிகளில் இறக்கப்பட்டார்கள். காபி ஹவுஸ் இடிந்ததைப் பற்றி எல்லா மொழி எழுத்தாளர்களும் புலம்பியிருக்கிறார்கள். லாரியில் ஏறியவர்களைப் பற்றி தில்லித் தமிழ்ப் புனைவு அதிகம் பேசவில்லை. கனாட் பிளேஸுக்கு ஞாயிறு போகாதீர்கள், கடைகள் பல மூடியிருக்கும். கரோல் பாகுக்கும் சரோஜினி நகர் சந்தைக்கும் அந்தக் கணக்கு திங்கட்கிழமை.

இரண்டாம் நாள் பிங்க் லைனில் சரோஜினி நகர். பழைய பெயர் வினய் நகர். எழுத்தர் முதல் செக்ஷன் ஆபீசர் வரை தமிழர்கள் நிறைந்திருந்த காலனி. சந்தைக்குள் நுழைந்துவிடாமல் குடியிருப்புப் பக்கம் திரும்புங்கள். 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை தென் தில்லியின் ஏழு காலனிகளை, அதாவது சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர், கஸ்தூர்பா நகர், தியாகராஜ் நகர், ஸ்ரீனிவாஸ்புரி, முகம்மத்பூர் ஆகியவற்றை இடித்துக் கட்ட ஒப்புதல் தந்தது. இருந்த 12,970 வீடுகளுக்குப் பதில் சுமார் 25,667. பணம் எங்கிருந்து என்றால், நிலத்தின் ஒரு பகுதியில் வணிகக் கட்டடம் எழுப்பி விற்று அந்தப் பணத்தில். நௌரோஜி நகரில் அறுநூறு சொச்சம் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் இப்போது உலக வர்த்தக மையக் கோபுரங்கள். சரோஜினி நகரிலேயே 28 கோபுரங்களில் 2,500-க்கு மேற்பட்ட டைப் 2 வீடுகள் 2025 ஜனவரியில் திறக்கப்பட்டன. நடுவில் 2018-இல் மரம் வெட்டுவதை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். உயர் நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்தி வைத்தது. வேப்ப மரத்தையும் நாவல் மரத்தையும் கட்டிப்பிடித்து நின்றவர்களில் அந்தக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகளும் இருந்தார்கள்.

பழைய குவார்ட்டர்ஸ் இரண்டு மாடி, முன்னால் பொதுப் புல்வெளி, கீழ்வீட்டுக்காரருக்குக் கருவேப்பிலைச் செடி, மேல்வீட்டுக்காரருக்கு மொட்டைமாடி. கோடை இரவில் கயிற்றுக் கட்டிலைப் புல்வெளியில் போட்டுப் படுப்பார்கள். அதனால் யார் வீட்டில் என்ன சண்டை என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற ஆதவனின் ஓயாத கூச்சத்துக்குப் பின்னால் இந்தக் கட்டட அமைப்பும் இருக்கிறது என்பேன். பதினாலாவது மாடியில், லிஃப்ட் கதவு சாத்தியபின் அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை. இனி எழுதுகிறவர் வேறு ஏதாவது உளவியலைக் கண்டுபிடிக்கவேண்டும்.

அங்கிருந்து ராமகிருஷ்ணபுரம். தில்லிக்காரர்கள் ஆர்.கே.புரம் என்றால்தான் ஆட்டோவில் ஏற்றுவார்கள். தில்லித் தமிழ்ச் சங்கமும், உத்தர சுவாமிமலை என்கிற மலை மந்திரும் இங்கே. கோவில் மதியம் நடை சாத்தியிருக்கும், மாலையில் போங்கள். சங்கத்தின் கூடத்தில் பட்டிமன்றம், நாட்டியம், புத்தக வெளியீடு நடந்துகொண்டே இருக்கும். தலைநகருக்கு வரும் தமிழ்நாட்டுப் பிரமுகர் யாரும் அதைத் தவறவிடுவதில்லை. மேடையில் பேசப்படும் தமிழின் பெருமைக்கும் கூடத்துக்கு வெளியே நாற்காலி அடுக்குகிறவரின் தமிழுக்கும் இடையிலான தூரத்தை அளந்து பார்க்க நல்ல இடம்.

மூன்றாம் நாளுக்குப் படிக்கவேண்டியது 'குருதிப்புனல்'. இந்திரா பார்த்தசாரதிக்கு 1977-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கித் தந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் உழைப்பாளர்களும் அவர்கள் குழந்தைகளுமாக 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்ட கொடுமை நாவலின் மையம். தில்லியோடு தொடர்புள்ள படித்தவர்களான கோபாலும் சிவாவும் கிராமத்தைப் பார்க்கிறார்கள். நாம் அவர்கள் கண்வழியாகப் பார்க்கிறோம். பண்ணையாரின் கொடூரத்துக்கு அவரது ஆண்மைக்குறைவை ஆசிரியர் காரணமாக வைத்ததை இடதுசாரிகள் கடுமையாகத் தாக்கினார்கள். அந்தத் தாக்குதல் நியாயமானது. கூலி நெல் கேட்டதற்காக நடந்த கொலையை உடற்கூறாக மாற்றும்போது நிலம் கதையிலிருந்து நழுவிவிடுகிறது. ஆனாலும் தில்லியிலிருந்த ஒரு பேராசிரியர், தமிழ்நாட்டின் பெரும்பாலான எழுத்தாளர்கள் வாய் திறக்காத விஷயத்தை எழுதினார் என்பது மிச்சமிருக்கிறது.

இதைப் படித்துக்கொண்டே வயலட் லைனில் ஜங்புரா போய் இறங்குங்கள். கீழ்வெண்மணி எரிந்த அதே 1960களின் இறுதியில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து நிலமில்லாத குடும்பங்கள் தில்லிக்கு வந்து பாராபுல்லா ஓடைக்கரையில் குடிசை போட்டன. ஜஹாங்கீர் காலத்துப் பாலம் ஒன்று அருகிலேயே இருக்கிறது. அந்தக் குடியிருப்புக்கு மதராசி கேம்ப் என்று பெயர். திருக்குறள் எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும் நிஜாமுதீன் நிலையம் கூப்பிடு தூரம். பெண்கள் ஜங்புரா, லஜ்பத் நகர், நிஜாமுதீன் வீடுகளில் பாத்திரம் தேய்த்தார்கள், சமைத்தார்கள். ஆண்கள் துப்புரவு, வண்டி ஓட்டுதல், அலுவலகக் கடைநிலை வேலை. குழந்தைகள் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்குப் போனார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்த சேரியைக் காண முடிந்த தில்லித் தமிழ் நாவலுக்கு, நாலு மெட்ரோ நிறுத்தம் தள்ளி இருந்தது கண்ணில் படவில்லை. வேலைக்கு வரும் பெண் கதைகளில் கதவு வரை வருகிறாள்; மாலையில் அவள் திரும்பும் வழியில் கதை கூடப் போவதில்லை. வீட்டு ஒதுக்கீட்டு விதி இலக்கியத்துக்கும் பொருந்திவிட்டது. டைப் 1-க்குக் கீழே எழுத்தில் இடமில்லை.

இப்போது ஜங்புராவில் இறங்கினால் பார்க்கப்போவது வெற்றிடம். ஓடை அடைத்து வெள்ளம் தேங்குகிறது என்ற வழக்கில் தில்லி உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஜூன் 1 அன்று கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். அவற்றில் பாதியளவு குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதியானவை என்று முதலில் கணக்கிடப்பட்டது. அந்தத் தகுதி எப்படி முடிவாகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் நகரம் முழுக்க இதே முறைதான். தில்லி நகர்ப்புறக் குடிசை மேம்பாட்டு வாரியத்தின் 2015 கொள்கைப்படி குடியிருப்பு 2006-க்கு முன் இருந்திருக்கவேண்டும். அந்தக் குறிப்பிட்ட குடிசை 2015 ஜனவரி 1-க்கு முன் எழுந்திருக்கவேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகளின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். ரேஷன் அட்டை, மின் கட்டண ரசீது போன்ற பட்டியலிட்ட ஆவணங்களில் ஒன்றாவது வேண்டும். பயனாளி பங்கு பொதுவாக 1,12,000 ரூபாய், பராமரிப்புக்கு 30,000. தவறுவது பெரும்பாலும் வாக்காளர் பட்டியலில்தான். பெயரின் எழுத்து மாறியிருக்கும். தமிழ்ப் பெயரை இந்தியில் எழுதிய அலுவலர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார். அல்லது ஊரில் ஓட்டு இருக்கட்டும் என்று இங்கே பதிவு செய்யாமல் விட்டிருப்பார்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்து ஒரே வீட்டில் இரு அடுப்பு வைத்திருந்தால் ஆவணம் ஒருவர் பெயரில் மட்டும் இருக்கும். அரை நூற்றாண்டு வாழ்ந்ததற்குச் சாட்சி மனிதர்கள், கேட்கப்பட்டதோ காகிதம்.

தலைநகரில் தமிழுக்கு மரியாதை இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. 2023 மே 28 அன்று திறந்த புதிய நாடாளுமன்றத்தில் சபாநாயகர் இருக்கைக்கு அருகே திருவாவடுதுறை ஆதீனம் 1947-இல் நேருவுக்குத் தந்த செங்கோல் நிற்கிறது. அது ஆட்சி மாற்றத்தின் சின்னமாகவே மவுண்ட்பேட்டன் கையிலிருந்து வந்தது என்று சொல்லப்பட்ட கதைக்கு ஆதாரம் பலவீனம். ஆனால் அரங்கேற்றம் கச்சிதம். அதற்கு ஆறாண்டு முன், 2017 மார்ச்சிலிருந்து ஏப்ரல் வரை, ஜந்தர் மந்தரில் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழ்நாட்டு விவசாயிகள் மண்டையோடுகளை வைத்துக்கொண்டு நாற்பது நாளுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். எலியைக் கடித்தார்கள், புடவை கட்டிக்கொண்டார்கள். தேசியத் தொலைக்காட்சிகள் விசித்திரத்தைக் காட்டின. காவிரிப் படுகையின் வறட்சியையும் பயிர்க்கடன் கணக்கையும் காட்டவில்லை. பொன்னாலான தமிழுக்கு உள்ளே இடமிருக்கிறது. கடனிலும் ஓடைக்கரையிலும் இருக்கும் தமிழுக்குத் தடுப்புக் கம்பிக்கு வெளியே. இதில் பிரதமர் அலுவலகத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு நம் சங்க மேடைகள் தப்பித்துக்கொள்ள முடியாது.

இந்த நடையை முழுதாக முடிக்க நினைப்பவர்கள் நரேலா போகவேண்டும். தகுதி பெற்ற குடும்பங்களுக்கு அங்கேதான் அடுக்குமாடி வீடு. ஜங்புராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ஜங்புராவில் வயலட் லைன் பிடித்து சென்ட்ரல் செக்ரடேரியட்டில் மாறி, மஞ்சள் லைனின் வடகோடியான சமய்பூர் பாத்லி வரை போய், அங்கிருந்து பேருந்து அல்லது பங்கு ஆட்டோ. ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் தில்லிவாசிகளான பெண்களுக்குக் கட்டணமில்லை, மெட்ரோவில் உண்டு. காலை ஏழு மணிக்கு லஜ்பத் நகர் வீட்டில் டீ போடவேண்டிய ஒருவர் நரேலாவில் எத்தனை மணிக்கு எழவேண்டும் என்பதைப் போகும்போதே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் மெட்ரோவே அதற்குப் போதாது. நரேலாவுக்கு மெட்ரோ நீட்டிப்பு 2024 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது, ரிதாலா வழியாக. ஓடத் தொடங்கச் சில ஆண்டுகள் ஆகும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் மந்திர் மார்க், பூசா ரோடு, லோதி எஸ்டேட், மோதி பாக், லட்சுமிபாய் நகர், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி ஆகிய இடங்களில் இருக்கின்றன. அலுவலர்கள் குடியிருந்த இடங்களைப் பார்த்து அமைந்தவை அவை. வடக்கே நரேலா பக்கம் ஒன்றும் இல்லை.